துணையற்ற பயணமும் தீராத மொய்யும்

ஆடித் திங்கள் பிறந்ததும் பேராவூரணி வட்டாரத்தில் சுவர்தோறும் மொய் விருந்து அழைப்புகள் தோன்றிவிடும். தஞ்சை மாவட்டத்தின் தெற்கு விளிம்பிலும், அதனை அடுத்த புதுக்கோட்டைச் சீமையின் கீரமங்கலம், வடகாடு முதலிய ஊர்களிலும் பல்லாண்டுகளாக நிலைத்துவரும் வழக்கம் இது. பணம் தேவைப்படும் குடும்பத்தார் பலர் ஒன்றுகூடி, செலவைப் பங்கிட்டுக்கொண்டு, ஒரே பந்தலில் ஆட்டிறைச்சி விருந்து வைப்பர். உண்டு எழுந்தவர் கைகழுவிவிட்டு மொய் எழுதும் மேசைக்குச் செல்வார். பெயர், ஊர், தொகை ஆகிய மூன்றும் குறிப்பேட்டில் ஏறும். பின்னொரு நாள் அவர் தம் முறைக்கு விருந்து வைக்கும்போது, பெற்றவர் அத்தொகையைத் திருப்பி எழுதியாக வேண்டும். அதற்கு மேலும் ஒரு தொகை வைப்பார். மேலே வைத்ததை வட்டியென்று எண்ணிவிடலாகாது. அது அவர் புதிதாகக் கொடுக்கும் மொய். மறுமுறை அவருக்கே திரும்பி வரவேண்டியது. பத்திரம் இல்லை, ஈடு இல்லை, சாட்சிக் கையொப்பம் இல்லை. குறிப்பேடு ஒன்றே உண்டு. அதன் பின்னே மானம் உண்டு. ஆழ்துளைக் கிணறும் மகளின் திருமணமும் மகனின் கல்லூரிக் கட்டணமும் அந்த ஏட்டின் பலத்தில் நடந்தேறுகின்றன.

அத்தகைய பந்தலொன்றில், சென்ற ஆடியில், நம்மிடம் முன்னர் ஓதிய மாணவர் ஒருவர் அருகில் வந்து அமர்ந்தார். சென்னையில் ஒரு நிறுவனத்தில் பணிபுரிபவர்; விடுமுறைதோறும் இமயமலைப் பக்கம் போய் மலையேற்றம் பயின்றவர். "ஹஜ்ரத், ஒரு மஸ்அலா கேட்க வேண்டும்" என்று தொடங்கினார். தென்துருவத்திற்குப் பனிச்சறுக்குக் கட்டைகள் அணிந்து, யாருடைய துணையும் இன்றித் தனியாக நடந்து செல்ல வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அதற்குப் பல பத்து இலட்சங்கள் செலவாகும். "நம் ஊரில் ஒரு மொய் விருந்து வைத்து அந்தப் பணத்தில் ஒரு பகுதியைத் திரட்டலாமா? கூடுமா, கூடாதா?" என்பதே அவர் வினா.

அருகில் இருந்தோர் நகைத்தனர். நமக்கு நகைக்கத் தோன்றவில்லை. துணையின்றிப் போவதற்கு ஊரின் துணையை நாடுகிறார் ஓர் இளைஞர். இதில் முரண் உண்டா? உண்டெனில் அம்முரண் அவருடையது மட்டுந்தானா? விடையை ஒரு வாரம் தள்ளிவைத்தோம். அந்த ஒரு வாரத்தில் நாம் படித்ததும் எண்ணியதும் ஈண்டு எழுதப்படுகின்றன.

முதலில் அந்தப் பயணம் எத்தகையது என்பதை அறிதல் வேண்டும். பஞ்சாபிச் சீக்கியக் குடும்பத்தில் தோன்றி, பிரித்தானியப் படையில் உடலியக்க மருத்துவராகப் பணியாற்றிய ஹர்ப்ரீத் சண்டி என்னும் பெண்மணி, 2021 நவம்பர் 24 அன்று அண்டார்க்டிகாவின் ஹெர்குலிஸ் வளைகுடாவிலிருந்து புறப்பட்டு, 2022 ஜனவரி 3 அன்று தென்துருவத்தை அடைந்தார். 40 நாட்கள்; ஏறத்தாழ 1,127 கிலோமீட்டர்; முற்றிலும் தனியாக. உணவு, எரிபொருள், கூடாரம், மாற்றுடை அனைத்தையும் சுமார் 90 கிலோ எடையுள்ள சறுக்குவண்டியில் ஏற்றி, இடுப்பில் வார் கட்டித் தாமே இழுத்துச் சென்றார். இடையில் விமானம் வந்து பொருள் இறக்குவதில்லை, நாய்கள் இழுப்பதில்லை, காற்றைப் பிடிக்கும் பாய் விரிப்பதில்லை. இவ்வாறு செல்வதையே 'துணையற்ற பயணம்' என்று துருவம் செல்வோர் வழங்குகின்றனர்.

தென்துருவம் கடல்மட்டத்திற்கு மேல் 2,800 மீட்டருக்கும் மிகுந்த உயரத்தில் உள்ளது. ஆகவே அந்த நடை முழுவதும் ஏற்றம். காற்றோ பெரும்பாலும் உள்நாட்டு உயரத்திலிருந்து கரை நோக்கி இறங்குவது. போகிறவர் முகத்தில் அறைவது. அக்காற்றில் குளிரின் கடுமை உறைநிலைக்குக் கீழே 50 பாகை அளவுக்கு உணரப்படும். பனித்தரை வயல்வரப்புகள் போலக் கெட்டித்து மேடுகளாய் நிற்கும். அவற்றின்மீது வண்டியை ஏற்றி இறக்க வேண்டும். வியர்த்தலும் ஆகாது, வியர்வை உடைக்குள்ளேயே உறைந்து உயிருக்கு ஊறாகும். குடிக்கும் நீரைக்கூட அடுப்பேற்றிப் பனியை உருக்கியே பெற வேண்டும். எரிபொருள் தீர்ந்தால் பனிக்கடலின் நடுவே தாகத்தால் மாள வேண்டியதுதான். கோடைக் காலமாதலால் கதிரவன் மறைவதே இல்லை. பகலும் இரவும் பிரியாத அந்த வெண்மையில், தொழுகை நேரத்தை எவ்வாறு கணிப்பது என்றும் நம் மாணவர் கேட்டிருந்தார். அது தனி மஸ்அலா. பிறிதொரு சமயம் எழுதுவோம்.

இவ்வளவுக்கும் ஆயத்தம் இரண்டரை ஆண்டுகள். தொடங்குங்கால் அண்டார்க்டிகாவைப் பற்றித் தமக்கு அதிகம் தெரியாது என்று அப்பெண்மணியே கூறியிருக்கின்றார். நார்வே சென்று பனியில் நடக்கவும் கூடாரம் அடிக்கவும் கற்றார். கிரீன்லாந்துப் பனிமேட்டில் 27 நாட்கள் பழகினார். ஊரில் இருக்கும்போது கனத்த டயர்களை இடுப்பில் கட்டி இழுத்தார். அதனினும் கடினமான வேலை பணம் திரட்டுவது. பொதுமக்களிடம் கேட்டார்; நிறுவனங்களை நாடினார்; தம் சேமிப்பையும் இட்டார். திரண்டதில் ஒரு பகுதியை, தம்மைப்போல் துணிவுப் பயணம் மேற்கொள்ள விழையும் பெண்களுக்கு உதவித்தொகையாக ஒதுக்கினார்.

நம் நாட்டிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. கர்னல் ஜே.கே. பஜாஜ் 1989 ஜனவரியில் ஒரு பன்னாட்டுக் குழுவோடு பனிச்சறுக்கி அங்குச் சென்றடைந்தார். தில்லியைச் சேர்ந்த ரீனா கௌஷல் தர்மசக்து 2009 டிசம்பர் 29 அன்று தென்துருவம் சேர்ந்தார். அவ்வாறு சென்ற முதல் இந்தியப் பெண்மணி அவரே. காமன்வெல்த் நாடுகளின் பெண்கள் சேர்ந்த குழு அது. ஏறத்தாழ 900 கிலோமீட்டர் நடந்தது. புரூணை நாட்டு முஸ்லிம் பெண்மணியான இரா அல் சுஃப்ரியும் அக்குழுவில் இருந்தார். பொருளுதவி தந்த கணினிப் பாதுகாப்பு நிறுவனமொன்றின் பெயரே அப்பயணத்தின் பெயரில் முன்னே நின்றது. தமிழ்நாட்டிலிருந்து எவரெஸ்ட் சிகரம் ஏறிய முதற்பெண்ணான முத்தமிழ்ச்செல்வியும், 2023இல் அரசும் நன்கொடையாளரும் கைகொடுக்கவே புறப்பட முடிந்தது.

ஆக, கேட்காமல் போனவர் எவரும் இலர். அவ்வாறாயின் 'துணையற்ற' என்னும் சொல் பொய்யா?

இங்கே நம் கல்விமரபில் வரும் ஒரு செய்தி நினைவுக்கு வருகின்றது. முற்காலத்தில் யமன் நாட்டார் சிலர், வழிக்குரிய கட்டுச்சோறு எதுவும் எடுக்காமல் ஹஜ்ஜுக்குப் புறப்படுவராம். 'நாங்கள் இறைவனை நம்பிப் போகிறவர்கள்' என்பது அவர்களின் கூற்று. மக்காவை அடைந்ததும் கண்டவரிடமெல்லாம் கையேந்தி நிற்பர். வழியுணவு எடுத்துக்கொள்ளுமாறு பணிக்கும் இறைவசனம் அவர்கள் பொருட்டே இறங்கியது என்று விரிவுரையாளர் எழுதுவர். அரபியில் அவ்வுணவுக்கு 'ஸாத்' என்று பெயர். ஸாத் இன்றிப் புறப்பட்டவர் துணையற்றவர் அல்லர். தம் சுமையைப் பிறர் தோளில் ஏற்றிவிட்டு, அதற்குத் தவக்குல் என்று பெயர் சூட்டியவர். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு நம்பிக்கை வை என்று நபிகள் நாயகம் (ஸல்) அறிவுறுத்தியதும் இப்பொருள் பற்றியதே.

இதனோடு ஒப்பிட்டால், 90 கிலோ வண்டியை இழுப்பவர் செய்வது நேர்மாறானது. தம் ஸாத் முழுவதையும் தாமே சுமக்கின்றார். ஒரு கவளத்திற்கும் வழியில் யாரையும் எதிர்பார்ப்பதில்லை. அந்த அளவில் 'துணையற்ற' என்ற சொல் மெய். ஆனால் அது நாற்பது நாட்களுக்கு மட்டுமே உரிய சொல். நாற்பது நாட்களுக்கு முன்னும் பின்னும் அதனை நீட்டினால் அக்கணமே பொய்யாகிவிடும். பனியில் இறக்கிவிட்ட விமானி உண்டு. நாள்தோறும் துணைக்கோள் தொலைபேசியில் குரல் கேட்கக் காத்திருப்பவர் உண்டு. குரல் வராவிடில் தேடிப் பறக்க ஆயத்தமாய் நிற்பவர் உண்டு.

சொல்லின் எல்லை தவறினால் பூசல் விளையும். அமெரிக்கரான காலின் ஓ'பிராடி, 2018ஆம் ஆண்டின் இறுதியில் அண்டார்க்டிகாவைத் தனியாக, துணையின்றிக் கடந்த முதல்வர் தாமே என்று அறிவித்தார். அவர் வழியின் பிற்பகுதி, வண்டிகள் செல்வதற்காகச் செப்பனிடப்பட்டுக் கொடிகள் நடப்பட்ட தடத்தில் அமைந்தது என்று பிறர் எடுத்துக்காட்டினர். நார்வேயைச் சேர்ந்த போர்கே உஸ்லாண்ட் 1996-97ஆம் ஆண்டுகளிலேயே தனியாகக் கடந்துவிட்டார் என்றனர். அவர் காற்றுப்பாயைப் பயன்படுத்தியவர், ஆதலால் கணக்கில் சேரார் என்றனர் மற்றவர். துருவப் பயணங்களை எந்தச் சொல்லால் குறிப்பது என்று வரையறுக்க, 2020இல் அனுபவமிக்க பயணிகள் சிலர் ஒரு வகைப்பாட்டு முறையையே உருவாக்க நேர்ந்தது. பனியில் நடந்த தூரத்தைவிட, ஊருக்குத் திரும்பிச் சொல்லும் சொல்லின் நேர்மையே கடினமாகிவிட்டது என்பதற்கு இது சான்று.

இனி இரண்டாவது தடை. இதனால் யாருக்கு என்ன பயன்? பசித்தவர் நிறைந்த உலகில், பனியில் நடக்கப் பல பத்து இலட்சமா? இவ்வினாவை எளிதில் தள்ளிவிட முடியாது. 2018 நவம்பர் 16 அன்று வீசிய கஜா புயலில் இவ்வட்டாரத்துத் தென்னந்தோப்புகள் ஒரே இரவில் சாய்ந்தன. பிள்ளைபோல வளர்த்த மரங்கள் வேரோடு கிடந்ததைக் கண்டு ஆடவர் வாய்விட்டு அழுததை நாம் பார்த்தோம். புதிய கன்று நட்டுக் காய் பறிக்கப் பல ஆண்டுகள் வேண்டும். அவர்களிடம் சென்று 'துருவத்திற்குப் போகிறேன், எழுதுங்கள்' என்பது எங்ஙனம்?

இந்த இடத்தில் நமக்குத் துணைவந்தவர், 1325இல் தஞ்சியரிலிருந்து தம் இருபத்தோராம் வயதில் தனியாகப் புறப்பட்டு, நம் மதுரைவரை வந்துசென்ற இப்னு பதூதா. வடக்கே பல்கார் நகரத்திற்கு அப்பால் 'இருள்நாடு' என ஒன்று உண்டெனவும், அதற்கு நாற்பது நாள் வழி எனவும், உறைபனியில் பெரிய நாய்கள் இழுக்கும் சிறு வண்டிகளாலன்றிப் போகவியலாது எனவும் அவர் தம் பயணநூலில் கூறுகின்றார். அங்கே போக அவருக்கும் ஆசை இருந்தது. பெருஞ்செலவும் பெரும் ஆயத்தமும் வேண்டியிருந்தமையாலும், பயன் சிறிதாகத் தோன்றியமையாலும் அவ்வெண்ணத்தைக் கைவிட்டதாக அவரே எழுதிவைத்துள்ளார். உலகையே சுற்றியவர் ஒரு திசையில் கணக்குப் போட்டுப் பார்த்துத் திரும்பினார். திரும்பியதை மறைக்கவும் இல்லை.

பயனில்லை எனில் போகலாகாது என்று இதற்குப் பொருள் கொள்ள நாம் ஒருப்படோம். பயன் ஒன்றையே அளவுகோலாகக் கொண்டால் இப்னு பதூதா தஞ்சியரை விட்டே நகர்ந்திருக்கமாட்டார். கவிதையும் எழுத்தணிக் கலையும் பிறந்திரா. மனித உடலும் உள்ளமும் எதுவரை தாங்கும் என்று அறிவதும் ஓர் அறிவே. அவரிடம் நாம் கற்பது வேறொன்று. பயன் சிறிதெனில் சிறிதென்றே சொல்ல வேண்டும். தன் ஆசையை ஊர்நலம் என்று போர்வை போர்த்திக் காட்டலாகாது. 'நான் போக விரும்புகிறேன்' என்பது வெட்கத்திற்குரிய வாக்கியமன்று. அதனை 'உங்களுக்காகப் போகிறேன்' என்று மாற்றும்போதுதான் கெடுகிறது.

நற்பணிக்கென்றே நிதி திரட்டிச் செல்வோரும் உண்டு. ஆங்கிலப் படை அதிகாரியான ஹென்றி வோர்ஸ்லி, காயமுற்ற படைவீரர்களுக்கு உதவும் நிதிக்காக, 2015 நவம்பரில் தனியாகவும் துணையின்றியும் அண்டார்க்டிகாவைக் கடக்கப் புறப்பட்டார். ஓர் இலட்சம் பவுனுக்கும் மேல் திரட்டித் தந்தார். எழுபது நாட்களுக்கு மேல் நடந்து, ஏறத்தாழ 1,470 கிலோமீட்டர் கடந்து, இன்னும் 50 கிலோமீட்டருக்கும் குறைவே எஞ்சியிருந்தபோது, உடல் முற்றிலும் தளர்ந்து உதவி கோரினார். விமானம் வந்து எடுத்துச் சென்றும் பயனின்றி, வயிற்றுறை அழற்சியால் 2016 ஜனவரி 24 அன்று சிலி நாட்டு மருத்துவமனையில் உயிர்நீத்தார். துணைவியும் இரு மக்களும் அவருக்கு இருந்தனர்.

அன்னாரின் உள்ளத்தை நாம் தீர்ப்பிடோம். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தம்மை நம்பிப் பலர் பொருள் கொடுத்திருக்கும்போது, 'போதும், நிறுத்துகிறேன்' என்று சொல்வது மேலும் அரிதாகிவிடுகிறது. கொடுத்தவர் முகங்கள் முதுகில் நின்று தள்ளுகின்றன. எனவே கேட்பவர், கேட்கும்போதே திரும்பிவரும் உரிமையையும் சேர்த்துக் கேட்டுவைக்க வேண்டும். கொடுப்பவரும் அவ்வுரிமையைச் சேர்த்தே கொடுக்க வேண்டும். ஹர்ப்ரீத் சண்டி 2022 நவம்பரில் மீண்டும் சென்று, கண்டம் முழுவதையும் கடக்க முயன்றார். சுமார் 70 நாட்கள் நடந்து, ஏறத்தாழ 1,480 கிலோமீட்டர் சென்றபின், காலம் போதாமையால் கடக்காமலே திரும்பினார். முடிக்க இயலவில்லை என்பதை வெளிப்படையாகச் சொன்னார். துருவத்தை அடைந்ததைவிட இத்திரும்புதலை நாம் மதிக்கின்றோம். தன் கைகளாலேயே தன்னை அழிவில் இட்டுக்கொள்ளலாகாது என்பது நம் மறையின் கட்டளை. நிறுத்தத் தெரியாத துணிவு அக்கட்டளையின் எல்லையைத் தொட்டுவிடும்.

கேட்பதில் உள்ள நேர்மை பற்றியும் பழைய துருவப் பயணங்கள் நமக்குப் பாடமாகின்றன. நார்வேயின் அமுண்ட்சன் வடதுருவம் போவதாகச் சொல்லியே நிதி திரட்டினார். நான்சனிடமிருந்து கப்பலையும் பெற்றார். 1910இல் மதைரா தீவை அடைந்த பின்னரே, தாம் தெற்கே போகும் செய்தியைக் கப்பலில் இருந்தவர்க்குக்கூட வெளியிட்டார். 1911 டிசம்பர் 14 அன்று தென்துருவத்தை முதன்முதல் அடைந்தார். வெற்றி பெரிது. ஆயினும் கொடுத்தவர் ஒன்றுக்குக் கொடுக்க, பெற்றவர் வேறொன்றுக்குச் செலவிட்டார் என்னும் கறை இன்றளவும் அவ்வெற்றியோடு சேர்ந்தே பேசப்படுகிறது. அமானத் என்று நாம் வழங்கும் சொல்லின் கனம் இதுதான்.

ஷாக்கிள்டன் 1914இல் புறப்பட்டபோதும் பலரிடம் கேட்டே புறப்பட்டார். டண்டி நகரத்துச் சணல் ஆலை முதலாளி ஜேம்ஸ் கெய்ர்டு 24,000 பவுன் தந்தார். டட்லி டாக்கர் என்பவரும், ஸ்டான்கோம் வில்ஸ் என்னும் பெண்மணியும் உதவினர். கப்பலைப் பனி நொறுக்கி மூழ்கடித்தபின் எஞ்சிய மூன்று சிறு படகுகளுக்கு அம்மூவரின் பெயர்களே சூட்டப்பட்டிருந்தன. 1916 ஏப்ரலில் அறுவர் 'ஜேம்ஸ் கெய்ர்டு' படகில் ஏறி, சுமார் 1,300 கிலோமீட்டர் கொந்தளிக்கும் கடலைக் கடந்து உதவி தேடினர். அதனால் அத்தீவில் காத்திருந்த இருபத்திருவரும் உயிர் பிழைத்தனர். கொடுத்தவர் பெயரின்மீது அமர்ந்தே கரைசேர்ந்தனர் எனலாம். மொய்க் குறிப்பேட்டில் பெயர் எழுதுவதற்கு இதனினும் சிறந்த விளக்கம் எது?

அத்துடன் இன்னொன்றையும் எண்ண வேண்டும். டண்டி நகரின் ஆலைகளுக்குச் சணல் போனது நம் வங்காளத்திலிருந்து. முழங்கால் நீரில் நின்று சணல் அறுத்த உழவர்க்கு அண்டார்க்டிகா என்றொரு நிலம் இருப்பதே தெரிந்திராது. அவர்கள் பெயர் எந்தப் படகிலும் இல்லை. எத்துணைக் கவனமாக எழுதப்பட்ட ஏட்டிலும் ஏறாத மொய்கள் உண்டு.

இவ்விடத்தில் நம் சொந்தக் கணக்கையும் திறந்துகாட்ட வேண்டியவராயிருக்கின்றோம். நாம் ஓதிய மதரஸா காவிரிக்கரை ஊரொன்றில் இருந்தது. அவ்வூரார் மாணவர்க்கு வீட்டு முறைவைத்துச் சோறு போட்டனர். செவ்வாய்க்கிழமை இரவு நமக்கு உரியது, கோரைப்பாய் முடைந்து வாழ்ந்த ஒரு கைம்பெண்ணின் வீடு. தூக்குச்சட்டியோடு வாசலில் நின்று ஸலாம் சொல்வோம். சோறும் மீன்குழம்பும் வரும். அவ்விரவுகளில் அவர் நீராகாரம் குடித்துப் படுத்தார் என்பது அப்போது நமக்குத் தெரியாது. ஏழாண்டுகள் ஓதி ஸனது பெற்று வெளிவந்தோம். பல்லாண்டுகளுக்குப் பின், நம்மைப் பாராட்டிய ஒரு மேடையில், வறுமையில் பிறந்து யாருடைய தயவுமின்றிச் சொந்த முயற்சியால் கற்றோம் என்று பெருமிதத்தோடு பேசினோம். கூட்டம் முடிந்ததும் அவ்வூர்ப் பெரியவர் ஒருவர் அருகில் வந்தார். "செவ்வாய்க்கிழமை வீட்டம்மா போன மாதம் மௌத்தாகிவிட்டார்கள், ஹஜ்ரத். உங்களுக்குத் தெரிந்திருக்காது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று முதல் 'துணையின்றி' என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் நம் கண்முன் ஒரு தூக்குச்சட்டி வந்து நிற்கிறது. தனியே பனியில் நடக்கும் பெண்மணி நாற்பது நாட்களுக்குத்தான் அச்சொல்லை உரிமை கொண்டாடினார். நாமோ ஏழாண்டுகளுக்கு உரிமை கொண்டாடினோம். அவரிடம் கொடுத்தவர் பட்டியல் இருந்தது; நம்மிடம் அதுவும் இல்லை. திருப்பிக் கொடுக்க வேண்டியவர் இவ்வுலகை விட்டே போய்விட்டார்.

ஒரு வாரம் கழித்து வந்த மாணவரிடம் நாம் சொன்ன விடை இது.

"தம்பி, இதற்கு மொய் விருந்து வைக்காதீர்கள். மொய் என்பது திரும்ப வேண்டிய பணம். அடுத்த ஆண்டு ஒருவர் தம் முறைக்கு விருந்து வைக்கும்போது நீங்கள் திருப்பி எழுதியாக வேண்டும். பனியில் செலவான பணம் கிணற்று நீராகவோ கடைச்சரக்காகவோ திரும்பி வராது. உங்களுக்கு ஒன்று நேர்ந்தாலோ, ஏடு உங்கள் வாப்பாவின் தலையில் ஏறும். கடன் தீர்க்காமல் இறந்தவருக்கு ஜனாஸா தொழுவிக்க, அக்கடனை ஒருவர் பொறுப்பேற்கும்வரை நபிகள் நாயகம் (ஸல்) தயங்கினார்கள் என்பதை நீங்களே நம்மிடம் ஓதியிருக்கின்றீர்கள்.

"ஆனால் கேட்பது கூடாது என்று சொல்லவில்லை. முதலில் உங்களுடையதை வையுங்கள்: சேமிப்பையும், உடலின் ஆயத்தத்தையும், ஆண்டுக்கணக்கான பொறுமையையும். பிறகு, வசதியுள்ளவரிடமும் நிறுவனங்களிடமும் செல்லுங்கள். இது நன்கொடை, திரும்பி வராது. இதனால் உங்களுக்கு ஆதாயமில்லை. நான் போக ஆசைப்படுகிறேன். பாதிவழியில் திரும்பவும் நேரலாம் என்று நான்கையும் வாய்திறந்து சொல்லுங்கள். அதன் பின்னும் கொடுப்பவர் கொடுக்கட்டும். கொடுத்த ஒவ்வொருவர் பெயரையும் மொய் ஏடு போலவே எழுதிவையுங்கள். திரும்பிவந்து மேடையேறும் நாளில் அந்த ஏடு உங்கள் கையில் இருக்கட்டும்."

"வாப்பாவும் இதையேதான் சொன்னார்கள், ஆனால் சத்தமாகச் சொன்னார்கள்" என்று அவர் சிரித்தார். முகம் சற்றே வாடியதையும் கவனித்தோம். ஆசைக்கு எதிராக விடை சொல்வது ஆசிரியர்க்கும் எளிதன்று. திங்கள்தோறும் நம் ஊதியத்திலிருந்து ஒரு சிறு தொகை தருவதாகச் சொன்னோம். மறுத்தார். "மொய் அன்று, தம்பி, செவ்வாய்க்கிழமைச் சோறு" என்றோம். அவருக்கு அது விளங்கவில்லை. கதையைச் சொன்னபின் வாங்கிக்கொண்டார்.

அந்த விடுமுறை முடியும்வரை, கல்லணைக் கால்வாய்க் கரையில் வைகறைத் தொழுகைக்குப் பின் அவர் டிராக்டர் டயரொன்றை இடுப்பில் கட்டி இழுத்து நடந்தார். சிறுவர்கள் பின்தொடர்ந்து கூவினர். நான்காம் நாள், வயலுக்குப் போய்க்கொண்டிருந்த முதியவர் ஒருவர் மிதிவண்டியை நிறுத்தினார். ஆயுள் முழுவதும் ஏர் பூட்டியவர். எதற்காக இழுக்கிறாய் என்று கேட்கவில்லை. "கயிறு இடுப்பை அறுத்துப்புடும், தம்பி" என்று சொல்லிக் கயிற்றை அவிழ்த்தார். தம் மிதிவண்டியில் இருந்த சணல் சாக்கை நான்காக மடித்து, இடுப்புக்கும் கயிற்றுக்கும் நடுவே வைத்து, மாட்டுக்கு வடம் பூட்டுவது போலப் பதமாகக் கட்டிவிட்டுத் தம் வழியே போனார்.

மாணவர் அன்று மாலை வந்து, ஏட்டில் அவர் பெயரை எழுத வேண்டும், ஆனால் பெயரைக் கேட்க மறந்துவிட்டேன் என்றார். கேட்டுவந்து எழுதுங்கள் என்றோம். மறுநாள் கேட்டுவந்து எழுதினார். முதல் பக்கத்தில் முதல் வரி அதுவே: ஒரு சாக்கு, ஒரு முடிச்சு.